ரசம் ஊற்றும் கை

பந்தியில் ரசம் ஊற்றுவது என் வேலை. திண்டுக்கல்லைச் சுற்றி எங்கே கல்யாணம், காதுகுத்து என்றாலும் எங்கள் சமையல் மாஸ்டரோடு வாளியும் கரண்டியுமாகப் போவேன். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், இலையைப் பார்த்தால் போதும். கூச்சக்காரனுக்கு ஏற்ற வேலை.

தலைக்குள் யாரோ பேசுவது போலக் கேட்கும் மனநோய் எனக்கு உண்டு. மாத்திரை போட்டால் சத்தம் அடங்கிவிடும். ஆனால் அதே மாத்திரையால் உடம்பு கனத்து, வாயில் எச்சில் ஊறி, கை நடுங்கும்.

சாணார்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியில் ரசத்தைச் சிந்திவிட்டேன். மாஸ்டர் என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய் வாயை முகர்ந்தார்.

"வாடையே இல்லையேலே. அப்படி என்னத்தக் குடிக்கிற?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். "வெத்தல பாக்கப் போட்டு வாடைய மறைச்சிருப்பாரு. அமுக்குணிக்குத்தேன் அம்புட்டுத் திறமையும்."

"இன்னொருக்கா சிந்துன, வாளியத் தொடக்கூடாது, ஆமா," என்றார் மாஸ்டர்.

நான் மறுக்கவில்லை. குடிகாரனைத் திட்டிவிட்டு மறுபடி வேலைக்குக் கூப்பிடுவார்கள். நோய் தெரிந்தால் பந்திப் பக்கமே விடமாட்டார்கள்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. முன்பு ஒருமுறை நிறுத்தி, சாப்பிடுகிறவர்கள் எல்லாம் என்னையே திட்டுவதாகக் கேட்டு, வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். வேறொரு மாஸ்டரிடம் இருந்த வேலை அப்படித்தான் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பதற்கெல்லாம் என் மனைவிதான் பதில் சொல்வாள். அடுத்த தடவை போனபோதும், "நல்லாத்தேன் இருக்காரு சார். சத்தம் கேக்கலையாம், நல்லாத் தூங்குறாரு," என்றாள். வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு எழுந்தேன். எழுந்தவன் அவள் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, அதன் மூடியில் ஊற்றிக் காட்டினேன். பாதித் தண்ணீர் டாக்டர் மேசையில் ஓடியது.

"ரசம் ஊத்த முடியல சார்."

"இத ஏங்க இம்புட்டு நாளாச் சொல்லல?" என்றார் டாக்டர்.

"ஒடம்புத் தளர்ச்சின்னுல்ல நெனச்சேன்," என்று மனைவி முந்தானையால் மேசையைத் துடைத்தாள்.

மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்தார் டாக்டர். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

நடுக்கம் முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் இன்னமும் தூங்கி வழிகிறேன். போன முகூர்த்தத்தில் சின்னாளப்பட்டியில் பந்தி. வாளியைப் பாதிதான் நிரப்பிக்கொண்டேன். ஒரு வரிசை முடியும்வரை மாஸ்டர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா, குடிய விட்டதும் கை நடுக்கம் நின்னுருச்சு. இப்படியே இருந்துக்க அப்பு."

"சரிண்ணே," என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குக் குனிந்தேன்.