வலப்பக்கத்து நெஞ்சு

என் கணவருக்கு நெஞ்சு வலப்பக்கம் துடிக்கும். கல்யாணமான முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இடப்பக்கம் தலை சாய்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. பதறிப்போய் எழுந்தேன். எனக்கு இந்தப் பக்கம் என்று என் தலையை நகர்த்தி வைத்துச் சிரித்தார். அன்றைக்கு எனக்கும் அது செல்லமாகத்தான் இருந்தது.

ஓயாத சளியும் உண்டு அவருக்கு. மூக்கைச் சீந்தாமல் நாலு வார்த்தை பேச மாட்டார். சின்ன வயதில் கிளேபாங்கில் குடியிருந்தபோது கடல் காற்று உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டதாம், மாமியார் கதை அது. காற்றின் மேல் பழி போட்டாரே தவிர, பிள்ளைக்கு ஒரு குறை என்று சொல்ல அந்த அம்மாளுக்கு வாய் வரவில்லை.

அவர் துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். காஜா பெராங்கில் மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தோம். வருஷங்கள் போயின, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பக்கத்து செட்டிக் கம்போங் கிராமத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை, பிள்ளை உண்டாக ஜாமு என்கிற மூலிகைக் கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுப்பாள். குடித்தால் மத்தியானம் வரைக்கும் நாக்கில் கசப்பு நிற்கும். மாமியார் எதிரே நின்று குவளை காலியாவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். வளைகாப்பு வீடுகளில் எனக்கு வாசல் வரைக்கும்தான் அழைப்பு.

ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்று கொடி கட்டிக்கொண்டிருந்த சமயத்தில், அவரை இழுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனேன். இரண்டு பேரையும் சோதித்தார். என்னிடம் குறையில்லை என்றார். அவருடைய விந்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர், அறிவியல் டீச்சர்தானே, நீங்களும் பாருங்கள் என்றார். குனிந்து பார்த்தேன். தலையும் வாலுமாக ஏராளமாகக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. செத்துவிட்டனவா என்று கேட்டேன்.

"உயிர் இருக்கு, டீச்சர். வால்தான் ஆட மாட்டேங்குது."

ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர் கெஞ்சினார். அம்மாவிடம் தானே பக்குவமாகச் சொல்வதாகவும், நான் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். ஆம்பிளை மானம், போகட்டும் என்று நானும் இருந்தேன். மனுஷன் சொல்லவே இல்லை. நான் ஜாமு குடிப்பேன். எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பார், பாவி.

கடைசியில் மாமியார் இரண்டாம் தாரத்துக்குப் பெண் பார்த்தார். அந்தக் காலத்தில் எங்களுக்கு அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பெண்ணின் அப்பா வந்திருந்தார். காப்பி கலந்து வரும்படி என்னையே ஏவினார் மாமியார். தட்டோடு நான் நிற்கையில் அந்த மனுஷர் கூச்சத்தோடு கேட்டார்.

"தம்பிக்கு ஒரு குறையும் இல்லையே?"

என் கணவர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். இப்போதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இல்லீங்க," என்றார்.

தட்டைக் கீழே வைத்தேன். "ஐயா, குறை எனக்கில்ல, இவருக்குத்தான். டாக்டர் காட்டினாரு, நான் கண்ணால பார்த்தேன். நெஞ்சுகூட இவருக்கு வலப்பக்கம்தான். சந்தேகமா இருந்தா கை வச்சுப் பாருங்க."

மாமியார் சிரித்தார். நெஞ்சு வலப்பக்கம் இருக்கிற மனுஷனை உலகத்தில் யாராவது பார்த்ததுண்டா, பொறாமையில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார். பால் கொடுத்து வளர்த்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அந்த மனுஷர் எழுந்து ஒரு நிமிஷம் கை வைத்துப் பார்த்திருக்கலாம். மாப்பிள்ளையின் மேல் கை வைப்பது மரியாதையில்லை என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

தை மாதம் கல்யாணம். நான் செமாபோக்கில் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டேன்.

அந்த வால் ஏன் ஆடவில்லை என்பது தலை நரைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாலுக்குள் இருப்பவை நுண்குழாய்கள். புரதமணிகளைச் சரம் சரமாகக் கோத்து, சரங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி வட்டமாக்கினால் நடுவில் வெறுமையாக ஒரு குழாய் கிடைக்குமே, அதுதான். செல்லுக்கு வடிவம் கொடுப்பதும், உள்ளே சரக்கு போய்வரத் தண்டவாளம் போல இருப்பதும், செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பக்கத்துக்கு ஒன்றாக இழுப்பதும் இந்தக் குழாய்கள்தான். வாலில் சுற்றிலும் ஒன்பது ஜோடி, நடுவில் இரண்டு. ஒவ்வொரு ஜோடியும் குட்டிக் கைகளை நீட்டி அடுத்த ஜோடியைத் தள்ளும், அதில்தான் வால் வளைந்து வீசும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் கைகள் இருக்காது. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சளியைத் தள்ளிவிடும் நுண்மயிர்களும் இதே கட்டுமானம்தான், அவையும் ஆடாது. கருவில் இதயத்துக்கு இடப்பக்கம் வழிகாட்டுவதும் அப்படிப்பட்ட மயிர்களின் சுழற்சியே. அது நின்றுபோனால் பூவா தலையா போட்டது போல ஏதோ ஒரு பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். சளி, நெஞ்சு, பிள்ளையில்லாதது எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. கடல் காற்றாம்!

அந்தக் கைகள் இல்லாதது அவர் தப்பில்லை. அதற்காக நான் ஒரு நாளும் அவரை நொந்ததில்லை. வாய் இருந்ததே, அதற்கு என்ன கேடு?

இதெல்லாம் நான் படிப்பதற்கு வெகு காலம் முன்பே, அந்த இரண்டாம் தாரத்துப் பெண் என்னைத் தேடி செமாபோக்குக்கு வந்தாள். கிட்டே வந்ததும் ஜாமு வாடை அடித்தது. அவளுக்கும் மலடி என்று பேர் விழுந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, கல்யாணமான மறுநாளே தலை வச்சுக் கேட்டேன். நீங்க சொன்ன பக்கம்தான் துடிச்சுது."

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்போதே உன் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்வதற்கென்ன என்று கேட்டேன்.

"சொன்னேங்க்கா. இடது எது, வலது எதுன்னு உனக்குத் தெரியலைன்னுட்டாரு."