கதவு ஏன் சாத்தியிருந்தது

கோலார் பக்கத்துத் தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டில், சுரங்க அதிகாரி ஒருவர் குடியிருந்த பழைய பங்களாவில், முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. பெங்களூர் அறக்கட்டளை ஒன்று அதை நடத்தி வந்தது. போன வருடம் மூடிவிட்டார்கள். இப்போது அந்த வழியாகப் போனால் வராந்தாவில் ஆடுகள் படுத்திருக்கின்றன. என் அத்தை யசோதரா அங்கே பராமரிப்பாளராக இருந்தாள். மருந்து கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், கை பிடித்து நடக்க வைப்பாள். சாயங்காலம் அன்றைக்கு யார் எப்படி இருந்தார்கள் என்று எழுதிப் பெங்களூருக்கு அனுப்புவாள்.

அத்தைக்கு அரண்மனை வம்பு என்றால் உயிர். அஞ்சல் வழியில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் எந்தப் போர் எப்போது நடந்தது என்று கேட்டால் விழிப்பாள். எந்த ராணிமேல் யார் பழி போட்டார்கள், எந்த இளவரசனின் பிறப்பைப் பற்றி என்ன முணுமுணுத்தார்கள் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் இல்லத்துப் பெரியவர்கள் எழுந்து போகமாட்டார்கள். ஆளுக்கொரு டம்ளர் மோருடன் அத்தைக்காகக் காத்திருப்பார்கள். ஆயுளெல்லாம் சுரங்கத்தில் உழைத்தவர்களும் அவர்களுடைய மனைவிமாரும்தான் அங்கே இருந்தார்கள். நேற்று ராணியை எந்த இடத்தில் விட்டாய் என்று யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். கதை தொடங்கும்.

ஒரு கதையை அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அரண்மனை வைத்தியர் விடியற்காலையில் ராணியின் அறையிலிருந்து வெளியே வந்தார் என்று அங்கிருந்த எழுத்தர் எழுதி வைத்தார். ராணியின் குழந்தைக்கு அன்று கடும் காய்ச்சல் என்பதை எழுதவில்லை. அந்த ராணி மீதிக் காலத்தை ஒரு மலைக்கோட்டையில் கழித்தாள்.

"அரண்மனையில யாரும் பொய் எழுதமாட்டாங்க. நடந்ததுல பாதிய எழுதுவாங்க. மீதிய படிக்கிறவனே எழுதிக்குவான்" என்பாள் அத்தை.

"அவன் கையில வாதம் வர" என்று கங்கம்மா அந்த எழுத்தரைச் சபிப்பார். ஒவ்வொரு முறையும் சபிப்பார்.

கதை சொல்லிச் சொல்லி அத்தையின் அறிக்கையிலும் அரண்மனை நுழைந்துவிட்டது. இல்லத்துப் பெரியவர் தாமோதரன் கஞ்சி வேண்டாம் என்றால், 'மாமன்னர் தாமோதரன் இன்று கஞ்சியை நிராகரித்தார்' என்று எழுதுவாள். பெங்களூர் அலுவலகத்தில் அறிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அமலா ஆரம்பத்தில் சிரித்து ரசித்தாராம்.

ஆடி மாதம் வந்தது. எங்கள் ஊரில் ஆடிக் காற்று என்றால் சைனைடு மேட்டுப் புழுதி. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், மலைபோலக் குவிந்து கிடக்கிறது. காற்று எழும்பினால் அந்த மண் மாவு மாதிரிப் பறந்து வரும். சோற்றில் விழும், கண்ணில் விழும். மதியத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்.

கங்கம்மாவுக்கு நெஞ்சு பலவீனம். புழுதி பட்டால் இருமல் நிற்காது. அவருடைய அறைக்கதவுக்கும் தரைக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. ஈரச் சாக்கைச் சுருட்டி அதில் செருகினால்தான் புழுதி நிற்கும். உள்ளே இருந்துதான் செருக முடியும். கங்கம்மாவால் குனிய முடியாது. அதனால் மதியம் காற்று எழும்பியதும், அதே இல்லத்தில் இருந்த ஜெயகரன் போய்க் கதவைச் சாத்தி, சாக்கைச் செருகி, அது காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டு காற்று அடங்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார். சுரங்கத்துக்குள் வெடி வைத்த பிறகு புகை வராமலிருக்க ஈரச் சாக்குத் தொங்கவிட்ட கைதான் அது. கங்கம்மாவின் கணவர் வேலுவும் அவரும் சுரங்கத்தில் ஒரே லெவலில், ஒரே ஆழத்தில், ஜோடியாக வேலை செய்தவர்கள். வேலு இறந்த பிறகும் ஜெயகரன் கங்கம்மாவை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை யார் எழுதுவார்கள்? அத்தை ஒருநாள் அறிக்கையில், 'மதியம் கங்கம்மாவின் அந்தப்புரக் கதவு சாத்தப்பட்டது. தளபதி ஜெயகரன் உள்ளே. காற்று அடங்கிய பின்னரே வெளியே வந்தார்' என்று எழுதி அனுப்பினாள்.

அந்த மாதம் அறிக்கைகளை அறங்காவலர்களும் படித்தார்கள். ஆடிக் காற்றைப் பற்றிப் பெங்களூரில் யாருக்கும் தெரியாது. ஆண், பெண் அறைகள் தனித்தனி என்பது இல்லத்தின் விதி. ஜெயகரனைக் கோலாரில் உள்ள இன்னொரு இல்லத்துக்கு மாற்ற வேண்டும், அடுத்த வாரம் வண்டி வரும் என்று பதில் வந்தது.

ஜெயகரன் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தார். கங்கம்மாவின் அறைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். அத்தை போய்ச் சாக்கைச் செருகினாள். அவளுக்கு மற்ற அறைகளிலும் வேலை இருந்ததால் அங்கேயே உட்கார முடியவில்லை. சாக்கு காய்ந்தது. பங்களா முழுக்கக் கங்கம்மாவின் இருமல் கேட்டது.

கங்கம்மா அத்தையைக் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று நினைத்துத்தான் அத்தை போனாள்.

"இன்னாம்மா யசோதரா, என்னைய எந்தக் கோட்டைக்கு அனுப்பப் போற?" என்று மட்டும் கேட்டாராம். அதைச் சொல்லும்போது அத்தை எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அன்றைக்கே உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினாள். ஜெயகரன் எப்பேர்ப்பட்ட உத்தமர், கங்கம்மா எப்படிப்பட்ட பத்தினி என்று உருகி எழுதி அனுப்பினாள். அமலா உடனே போன் செய்தார்.

"அக்கா, நீங்க இவ்வளவு புகழ்ந்தா அவங்களுக்குச் சந்தேகம்தான் அதிகமாகும். அந்தக் கதவை ஏன் சாத்தினாங்க? எனக்கே அது இன்னும் தெரியல."

அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ராணியின் கற்பைப் புகழ்ந்து பாட அரண்மனையிலும் புலவர்கள் இருந்தார்கள். அந்தப் பாட்டைக் கேட்ட பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. காய்ச்சலைப் பற்றி அவர்களும் பாடவில்லை.

மறுநாள் மதியம் அத்தை பேனாவோடு கங்கம்மாவின் அறையிலேயே உட்கார்ந்தாள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினாள்.

'இன்று மதியம் பலத்த காற்று. சைனைடு மேட்டிலிருந்து புழுதி வந்தது. அது பட்டால் கங்கம்மாவுக்கு இருமல் வரும். கதவின் அடியில் இடைவெளி இருக்கிறது. உள்ளே இருந்து ஈரச் சாக்கு வைத்தால் புழுதி வராது. கங்கம்மாவால் குனிய முடியாது. ஜெயகரன் ஐயா இதைச் செய்து வந்தார். காற்று அடங்கும்வரை கதவைத் திறக்க முடியாது என்பதால் உள்ளேயே இருந்தார். இப்போது அவர் வருவதில்லை. கங்கம்மா இன்று சாப்பிட முடியாமல் இருமினார். முன்பு இதை நான் எழுதாதது என் தவறு.'

இல்லத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இதில் உப்பும் இல்லை, காரமும் இல்லை என்றார் தாமோதரன். கங்கம்மா, "அதான் நடந்துச்சு. அனுப்பு" என்றார்.

வண்டி வரவில்லை. ஜெயகரன் அங்கேயே இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு தச்சரையும் அனுப்பியிருந்தார்கள். அவர் கதவின் அடியில் ரப்பர் பட்டை அடித்துவிட்டுப் போனார். புழுதி சுத்தமாக நின்றுவிட்டது. சாக்குக்கு வேலை இல்லை.

அத்தை இதை எதிர்பார்க்கவில்லை. தெளிவாக எழுதியதில் ஜெயகரன் அந்த அறைக்குள் போவதற்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. அவர் பெட்டியைப் பரணில் ஏற்றினார். ஆனால் மதியமானதும் வராந்தாவிலேயே நடந்துகொண்டிருந்தார், தலையெல்லாம் புழுதி படிய.

ஒருநாள் கங்கம்மாவே கதவைத் திறந்தார்.

"இன்னா தம்பி, மண்ணுல குளிக்கிற? உள்ள வா."

"ரப்பர் போட்டுட்டாங்களே அண்ணி. எனக்கு உள்ள இன்னா வேலை?"

"வேலை இருந்தாத்தான் வருவியா? உங்க அண்ணன்கூட ஷிப்ட் முடிஞ்சு வந்தா, வேலை இல்லாமயே எம்மாம் நேரம் உக்காந்திருப்ப. வா, புழுதி வருது பாரு."

ஜெயகரன் தலைத்துண்டை உதறிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான் அத்தை அறிக்கை எழுத உட்கார்ந்தாள். புழுதியைக் காரணமாகச் சொல்லலாம். சொன்னால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் அது பாதிதான். கடைசியில் இப்படி எழுதி அனுப்பினாள்: 'ஜெயகரன் ஐயா மதியம் கங்கம்மாவின் அறையில் இருந்தார். காற்று அடித்ததால் கதவு சாத்தியிருந்தது. சாக்கு வைக்கும் வேலை இப்போது இல்லை. கங்கம்மா கூப்பிட்டார், அவர் போனார். வேலுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கங்கம்மா இரவுச் சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டார்.'

பெங்களூரிலிருந்து கேள்வி எதுவும் வரவில்லை. அந்த ஆடி முடியும்வரை ஜெயகரன் மதியத்தில் கங்கம்மாவின் அறைக்குப் போனார். அத்தையும் அதை அப்படியே எழுதினாள்.