கரிசலில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் அப்பாவுக்கு ஹாக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்டவர்தான் எங்கள் தெருப் பையன்களின் ஹாக்கி டீமுக்கு மேனேஜர். யாரும் கூப்பிடவில்லை. தானாகப் போய் நின்றுகொண்டார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை கிடைத்து, தெற்கே தேரி என்கிற செம்மண் மேட்டை ஒட்டிய ஊரிலிருந்து நாங்கள் கோவில்பட்டிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது. அம்மா பிறந்தது இதே கரிசல் பூமியில், புதூர்ப் பக்கம் என்பதால் அவளுக்கு இந்த மண் புதிதில்லை. அப்பாவுக்குத்தான் இந்த ஊரில் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது. மில் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று போகிறவர்கள் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். யாராவது 'சாப்பிட்டாச்சா?' என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பது போல இருக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

அண்ணன் டீமில் சேர்ந்தான். அவன் பின்னாலேயே அப்பாவும் மைதானத்துக்குப் போகத் தொடங்கினார். மைதானம் என்ன மைதானம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தரிசாகக் கிடந்த கரிசல் நிலம்தான். பந்து வெளியே ஓடினால் எடுத்து வருவார். அடிபட்ட காலுக்குத் துணி கிழித்துக் கட்டுவார். விரிசல் விட்ட மட்டைக்குச் சணல் சுற்றிக் கொடுப்பார். பையன்கள் 'மாமா, மாமா' என்று கூப்பிட ஆரம்பித்ததும் மனிதருக்கு நடையே மாறிப்போயிற்று.

டீமுக்கு மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்தவர் மளிகைக்கடை அண்ணாச்சி. அவருடைய மகன்கள் இரண்டு பேர் ஆடினார்கள். ரயில்வே காலனிப் பையன்களோடு அப்பா ஓர் ஆட்டம் பேசி முடித்துவிட்டு வந்தபோது, அண்ணாச்சி கடையில் வைத்தே சொல்லிவிட்டார்.

"நீங்க இப்பம்தான் ஊருக்கு வந்திருக்கீங்க. சனிக்கிழமை ஆட்டம் ஒழுங்கா நடந்துட்டுன்னா பிள்ளையள நீங்களே பாத்துக்கிடுங்க. கோளாறாச்சுன்னா நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

அன்றைக்கு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "கோளாறாக என்ன இருக்கு?" என்று தானே கேட்டுக்கொண்டார். சனிக்கிழமைக்கு அப்புறமும் அந்தப் பையன்கள் 'மாமா' என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையன்களை நேரத்தோடு வீட்டுக்கு விரட்டிவிட்டு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். மைதானத்தை ஒட்டி ஒரு கிணறு. இறைத்து இறைத்து மண்ணெண்ணெய் டின்னில் ஊற்றுவார். தூக்கிக்கொண்டு போய்த் தரையெங்கும் கொட்டுவார். என் கையில் ஒரு சின்னச் செம்பு.

"எங்க ஊருல சடுகுடு ஆடுற இடத்துக்கு முந்தின நாளே தண்ணி விட்டுருவோம். விடியுமுன்னே சிமிண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். நீ பாரேன்" என்றார்.

சர்ச்சில் பாடும் கீர்த்தனை ஒன்றைச் சீட்டியடித்தபடியே வேலை செய்தார். நாங்கள் கோவில்பட்டிக்கு வந்த பிறகு அவர் சீட்டியடித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

கடைசி டின்னையும் கவிழ்த்த நேரத்தில் எங்களைத் தேடி அம்மா வந்தாள். ஓரத்திலேயே நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றி, கால் கட்டைவிரலால் மண்ணை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தாள்.

"ஏங்க, முழுசுமா ஊத்தியாச்சு?"

"ஒரு இடம் பாக்கி இல்ல! நாளைக்கு அண்ணாச்சி அசந்துருவாரு பாரு."

அம்மா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, வாங்க. சோறு ஆறுது" என்றாள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி அசந்துதான் போனார். மைதானத்தில் கால் வைத்தவன் கால் சேறு அப்பிப் பூசணிக்காய் அளவுக்கு வந்தது. ஓர் அடி வைத்தால் ஒரு பூசணி, அடுத்த அடிக்கு இன்னும் பெரிய பூசணி. பந்தை அடித்தால் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. நடுவராக வந்த ஆசிரியர் தன் செருப்புகளைச் சேற்றிலேயே விட்டுவிட்டுக் கரையேறினார். காலனிப் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் அழுதுவிட்டான்.

அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"இது யாரு பாத்த வேலை? கரிசல்ல எவனாவது தண்ணிய ஊத்தி ஆட விடுவானா?"

ஆட்டம் பார்க்க வந்திருந்த எல்லா அப்பாக்களும் எங்கள் அப்பாவைப் பார்த்தார்கள். ஐயோ, அந்த முகம்! அவர் வாயைத் திறப்பதற்குள், பையன்களுக்கு மோர்ப்பானை கொண்டுவந்திருந்த அம்மா முன்னால் வந்தாள்.

"நாந்தான் அண்ணாச்சி. பிள்ளையளுக்குக் கண்ணுல புழுதி விழுதேன்னு நாந்தான் ஊத்தச் சொன்னேன். இவிய வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாவ. நான் கேக்கல."

பொய்யா? அதுவும் எங்கள் அம்மாவா? ஞாயிறு பள்ளியில், பொய் சொல்லாமைக்கென்று படம் போட்ட அட்டை பரிசு வாங்கியவள் நான். "இல்ல, அம்மா அப்புறமாத்தான..." என்று தொடங்கினேன். தொடையில் விழுந்த அம்மாவின் கிள்ளில் மிச்ச வாக்கியம் அழுகையாகப் போய்விட்டது. உண்மை பேசியதற்காகக் கிள்ளு வாங்கியவள் அந்த ஊரிலேயே நான் ஒருத்திதான்.

அண்ணாச்சி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பொம்பளையைத் திட்டவா முடியும்? சிரித்துவிட்டார்.

"ஏம்மா, நீ நெசமாவே புதூர்க்காரிதானா? கரிசல்ல பொறந்துட்டு இப்படிப் பண்ணலாமா?" அப்பாவிடம் திரும்பி, "வீட்டுக்காரி பேச்ச எல்லாத்துலயும் கேக்கப்பிடாது, அண்ணாச்சி" என்றார். அப்பாவை அவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்களும் சிரித்தார்கள்.

வெயிலில் தரை காயட்டும் என்று சாயங்காலம் வரை காத்திருந்தோம். காலனிப் பையன்களுக்குத் தெருவில் வீட்டுக்கு ஒருவராகச் சோறு போட்டார்கள். அப்பா உட்கார்ந்து, கொட்டாங்கச்சிச் சில்லால் இரண்டு டீம் பையன்களின் காலிலும் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டி எடுத்தார். காய்ந்தும் காயாத தரையில் ஆடி எங்கள் டீம் தோற்றது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மாவைப் பற்றித்தான் பேசினார்கள். 'தண்ணி ஊத்தின அக்கா' என்ற பேர் அவளுக்கு வெகுகாலம் நிலைத்திருந்தது. அண்ணன் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அப்பாதான் மேனேஜர்.

வீட்டுக்கு வந்ததும் புறவாசல் கல்லில் அம்மாவை உட்கார வைத்து, அதே சில்லால் அப்பா அவள் காலைச் சுரண்டினார்.

"விடுங்க, பிள்ள பாக்கா" என்று அம்மா காலை இழுத்தாள். அவர் விடவில்லை.

நான் தொடையைத் தடவிக்கொண்டு நின்றேன். ஒரு சிலேட்டுக் குச்சிக்காகப் பொய் சொன்னதற்கு அண்ணனை முழங்காலில் நிற்க வைத்தவர் அப்பா. அம்மாவை இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று பார்த்தால், கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஆறவே இல்லை.

அன்றைய குடும்ப ஜெபத்தில் ஜெபிக்கிற முறை எனக்கு. விடுவேனா? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சத்தமாகவே சொன்னேன்:

"ஆண்டவரே, எங்க அம்மா எல்லாரு முன்னாலயும் பொய் சொல்லிட்டா. அவள மன்னிச்சிரும்."

அம்மா ஆமென் சொன்னாள். அண்ணனும் சொன்னான். அப்பாவிடமிருந்து மட்டும் சத்தமே வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். மண்டியிட்டபடி, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள்கள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

தண்ணீர் சுமந்த களைப்பில் தூங்கிப் போய்விட்டார் என்று நினைத்தேன்.