துடைத்துத் துடைத்துக் கெடுத்த மீன்தொட்டி

என் ஓரகத்தியின் மீன்தொட்டியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீனுக்காக இல்லை. பள்ளிக்கூட வேனை விட்டு இறங்கியதும் என் மகள் எங்கள் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புத்தகப் பையோடு நேராக மாடிக்கு ஓடுவாள். அதற்காக.

பிள்ளைப்பாக்கத்தில் மாமனார் கட்டிய வீடு. கீழே நாங்கள், மாடியில் என் கொழுந்தனாரும் அவர் மனைவியும். எனக்கு ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைன் வேலை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் மகள் எழும் முன்பே பஸ் ஏறிவிடுவேன், அதற்குமேல் ஓ.டி. என்று வேறு நிற்க வைப்பார்கள். செகண்ட் ஷிஃப்ட் என்றால் நான் வரும்போது பிள்ளை தூங்கியிருப்பாள். அவளுக்குச் சோறு போட, தலை பின்ன, வீட்டுப்பாடம் பார்க்க மாடியில் அவள் சித்தி இருந்தாள். ஓரகத்திக்கு அப்போது குழந்தை இல்லை. அதை நினைத்து மற்றவர்கள் பாவப்பட்டபோது நானும் பாவப்பட்டேன். ஆனால் என் பிள்ளையை அவள் மடியில் பார்த்த நிமிஷம் அந்தப் பாவமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது.

அவள் தொட்டி ஒன்றும் அழகில்லை. கண்ணாடி ஓரமெல்லாம் பாசி, ஃபில்டர் கறுத்துக் கிடக்கும். ஆனால் அதில் கப்பி, மாலி என்ற சின்ன மீன்கள் குட்டி போட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு குட்டிக்கும் என் மகள் பெயர் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கும்போதும், "சித்தி வூட்ல ஒண்ணு குட்டி போடப் போவுது, பாத்துட்டு வந்துடறேன்" என்று சாப்பாட்டுத் தட்டோடு ஏறிவிடுவாள்.

நானும் தொட்டி வாங்கினேன். அவளுடையதைவிட அரை அடி பெரியது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஆறு கோல்டு ஃபிஷ்ஷும் சேர்த்து வாங்கி வந்து, அன்றைக்கே தண்ணீர் ஊற்றி அன்றைக்கே மீனை விட்டேன். இரண்டு சாயங்காலம் என் மகள் கீழேயே இருந்தாள். அந்த இரண்டு நாளும் வீட்டில் நான்தான் ராணி. மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவியது போலக் கலங்கியது. மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன.

அங்கேதான் என் புத்தி கெட்டது. எங்கள் லைனில் ஷிஃப்ட் முடியக் கடைசிப் பத்து நிமிஷம் சுத்தம் செய்வதற்கென்றே உண்டு. சூப்பர்வைசர் வெள்ளைத் துணியால் மெஷினைத் துடைத்துப் பார்ப்பார். துணியில் கறை தெரிந்தால் தொலைந்தோம். என் மெஷினில் ஒருநாளும் கறை தெரிந்ததில்லை. சுத்தத்துக்காக என் போட்டோ நோட்டீஸ் போர்டில் இரண்டு தடவை ஏறியிருக்கிறது. அந்தத் திமிரோடு தொட்டியைக் கவிழ்த்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கண்ணாடியைத் தேய்த்தேன், கூழாங்கல்லை ஒவ்வொன்றாகக் கழுவினேன், ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்பு போட்டுப் பிழிந்தேன். உள்ளே வெள்ளைத் துணி வைத்துத் துடைத்துப் பார்த்தேன், துணி வெள்ளையாகவே வந்தது. புதுத் தண்ணீர் ஊற்றி மீனை விட்டேன். நான்கே நாளில் ஆறும் போயின.

திரும்ப மாலி வாங்கினேன், திரும்பக் கலங்கியது, திரும்பத் தேய்த்தேன். எவள் கண் பட்டதோ என்று ஓரகத்தி காதில் விழுகிற மாதிரியே சொன்னேன்.

அவள் படி இறங்கி வந்தாள். "அக்கா, அவ்ளோ கழுவாதீங்க. என் ஃபில்டர்ல கீற பழைய ஸ்பாஞ்ச பாதி வெட்டித் தரேன். உங்க ஃபில்டர்ல போட்டீங்கன்னா மீன் பொழச்சிக்கும்" என்றாள்.

"உன் வூட்டு அழுக்கு என் தொட்டிக்கு எதுக்கு?" என்று கேட்டேன். என் வாய் அப்படி. அவள் திரும்ப ஏறிப் போனாள். என் மகளும் அவள் பின்னாலேயே போனாள்.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மீன் கழிவுல வெஷம் ஊறும்மா. அத்த தின்னு தீக்கற நல்ல கிருமி ஸ்பாஞ்ச்லயும் கல்லுலயும்தான் ஒட்டிக்கினு வளரும். நீ வாரா வாரம் அத்த சோப்பு போட்டுக் கொன்னுட்டு, மீன் சாவுதுன்னு இங்க வந்து நிக்கற."

இனிமேல் என்ன செய்வது என்று கேட்டேன். நான்கே நான்கு சீப்ரா மீன் கொடுத்தார், அவை கொஞ்சம் தாங்கும் என்றார். தீனி துளியூண்டு. தினமும் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்ற வேண்டும். ஒரு மாசத்துக்கு ஃபில்டரைத் திறக்கவே கூடாது, அதற்குப் பிறகும் தொட்டித் தண்ணீரில்தான் அலச வேண்டும். தண்ணீரைச் சோதிக்க ஒரு சொட்டு மருந்துப் புட்டியும் தந்தார். தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சொட்ட வேண்டும்; மஞ்சள் ஆனால் நல்லது, பச்சை ஆனால் விஷம். அந்த நல்ல கிருமி வளர்ந்து தொட்டி நிலைக்கு வர, அவர் பாஷையில் 'சைக்கிள் ஆக', ஒரு மாசம், ஒன்றரை மாசம்கூட ஆகுமாம். "தெரிஞ்சவங்க யார்னா ஓடற டேங்க் வெச்சிருந்தா பழைய ஸ்பாஞ்ச் வாங்கிப் போடு, பத்து நாள்ல முடிஞ்சிரும்" என்றார்.

"தெரிஞ்சவங்க யாரும் இல்ல" என்றேன்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். தேதி, ஷிஃப்ட், தண்ணீர் மாற்றியது, நிறம். லைனில் நிரப்புகிற அதே மாதிரித் தாள். தினமும் பச்சை, பச்சை, பச்சை என்று எழுதினேன். ஓ.டி. முடிந்து இடுப்பு ஒடிந்து வந்தாலும் பக்கெட்டைத் தூக்கினேன். மேலே என் மகள் சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் கீழே நாலு மீனுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருப்பேன். அவளுக்கென்ன, மகராசி, பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாம், என் பிள்ளையும் அவளுக்கு, மீனும் அவளுக்கு என்று நினைப்பேன். இதை எழுதும்போதுகூடக் கொஞ்சம் எரிகிறது.

இரண்டாவது வாரம், செகண்ட் ஷிஃப்ட். காலையில் மகளுக்குச் சீருடை மாட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு சீப்ரா மல்லாந்து கிடந்தது. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவி வந்து பிள்ளையை வேன் ஏற்றினேன்.

அந்த வாரக் கடைசியில் பச்சை வெளுத்தது. அடுத்த வாரம் மஞ்சள். நம்பாமல் மூன்று தடவை சொட்டிப் பார்த்தேன், மூன்று தடவையும் மஞ்சள். மீதி மூன்று மீனும் கண்ணாடிக்குக் கண்ணாடி ஓடின. மஞ்சள் மஞ்சள் என்று தாள் நிறைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓரகத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யார் உதவியும் இல்லாம வந்துச்சு பாத்தியா" என்றேன். அவள் தாளை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தாள். "சூப்பர்க்கா, தெனமும் விடாம மாத்திக்கீறீங்க" என்றாள். மூக்கு உடைந்தது அவளுக்கு என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். என் மகளும் ஒரு வாரமாகச் சாயங்காலம் கீழேயே உட்கார்ந்து மீன் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

மாசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கடைக்காரர் சொன்னபடி, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாக அலசலாம் என்று முதல்முறையாக ஃபில்டரைத் திறந்தேன். என் நீல ஸ்பாஞ்ச் மேலே இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. கறுத்து, வழவழவென்று, கத்தரிக்கோலால் பாதியாக வெட்டியது.

யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உச்சந்தலைவரை பத்திக்கொண்டு வந்தது. என் வீட்டுக்குள், நான் வேலைக்குப் போன நேரத்தில், என் தொட்டியில் கை வைத்திருக்கிறாள். அந்தத் தாளை அவ்வளவு நேரம் நின்று படித்தாளே, உள்ளுக்குள் என்ன சிரிப்பு சிரித்திருப்பாள். கறுப்பு ஸ்பாஞ்சை வெளியே எடுத்தேன்.

மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவளுக்கு ஏழு வயது. முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கும் தெரியும் என்று புரிந்தது. என் பிள்ளையும் அவளும் சேர்ந்து என்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறார்கள். ஸ்பாஞ்சைவிட அதுதான் சுட்டது.

"சித்திதான போட்டா? அம்மாகிட்ட சொல்லாதன்னு உங்கிட்ட சொன்னாளா?"

"இல்லம்மா. நான்தான் சித்தியக் கேட்டேன். அம்மாகிட்ட கேட்டுகினு போடலாம்னு சித்தி சொன்னாங்க. நான்தான் வேணான்னேன்."

"ஏன்?"

"சித்தி வூட்டுதுன்னு தெரிஞ்சா நீ தூக்கிப் போட்டுடுவ. அப்பறம் மீன் செத்துடும். நீ திரும்ப பாத்ரூம்ல போய் அழுவ."

ஸ்பாஞ்ச் அப்போது குப்பைக்கூடைக்கு மேலே என் கையில்தான் இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்ப ஃபில்டருக்குள் வைத்தேன். மூடியை அழுத்தி மூடும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.