நாற்பது படம், ஒரே வயர்

அன்று காலை மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள். நான், அரியலூரில் படத்துக்குச் சட்டம் போடும் கடைக்காரன். என் மைத்துனன், வயர் வேலை செய்கிறவன். கண்காட்சியை ஏற்பாடு செய்த வாத்தியார், பெரம்பலூர் அகதிகள் முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர். அதே முகாமிலிருந்து, மகனைக் குண்டுக்குப் பறிகொடுத்த ஓர் அம்மா. அவர் பக்கத்து வீட்டு அக்கா, நெற்றியில் பொட்டு வைத்தவர். இவர்கள் போக, சுவரில் நாற்பது பேர்.

இலங்கையில் நடந்த இனப்படுகொலையை நினைத்து வைத்த கண்காட்சி அது. ஒரு வாரத்துக்கு வாடகை மண்டபத்தை மியூசியம் போல ஆக்கியிருந்தார்கள். மேசை மேல், தப்பி வந்தவர்கள் படகில் கொண்டுவந்த சாமான்கள். ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டி. ஒற்றைச் செருப்பு. ஒரு வீட்டுச் சாவி, வீடு இப்போது இல்லை. சுவரில் படங்கள். படங்கள் என் வேலை.

வாத்தியார் ஒரு கட்டுப் படமும் ஒரு பட்டியலும் கொடுத்திருந்தார். செத்தவர் படம் என்றால் சட்டத்தின் அடியில் சின்ன சிவப்பு பல்பு வைத்துத் தருவது எங்கள் பக்க வழக்கம். யாரும் கேட்க வேண்டியதில்லை. நாற்பதுக்கும் வைத்தேன். பட்டியலைப் படிக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். ஒரு பெயருக்கு நேரே மட்டும் ‘காணவில்லை’ என்று இருந்திருக்கிறது.

படங்களைக் குன்னம் வழியாகப் பெரம்பலூர் மண்டபத்துக்கு வேனில் ஏற்றிப் போனோம். பள்ளத்துக்குப் பள்ளம் கண்ணாடி கிலுகிலுத்தது. என்னால் உட்கார முடியவில்லை. பாதி வழி நின்றுகொண்டே, சட்டங்களைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மைத்துனன் திருவிழா சீரியல் லைட் போலப் பல்புகளை ஒரே வயரில் வரிசையாகக் கோத்தான். வேலை சுருக்காக முடியும். பத்து மணிக்குத் திறப்பு. ஒன்பதே காலுக்கு ஸ்விட்சைப் போட்டான். சுவர் முழுக்கச் சிவப்புப் புள்ளி.

அம்மா தன் மகன் படத்துக்கு முன் போய்க் கைகூப்பி நின்றார். அக்கா வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சைக்கிளைப் பிடித்து நிற்கும் ஒரு மீசைக்காரர் படத்தின் முன் நின்று, அடியிலிருந்த பல்பைக் காட்டினார்.

“உதை ஆர் வச்சது?”

“நாந்தாங்க.”

“என்ர மனுசனுக்கு ஏன் விளக்கு?”

வாத்தியார் கொடுத்த பட்டியலை எடுத்து விரித்தேன்.

“ஆமி அவரைக் கூட்டிக்கொண்டு போனதைக் கண்டனான். செத்ததை ஆரும் காணேல்லை.”

மைத்துனன் சமாளிக்கப் பார்த்தான். “சாமி படத்துக்கும் இதே பல்புதாங்க்கா போடுவோம். தப்பா நெனைக்காதீங்க.”

“அவர் சாமி இல்லைத் தம்பி. மனுசன்.”

சொல்லிவிட்டுப் பல்பைத் திருகிக் கழற்றினார். வரிசை மொத்தமும் அணைந்தது.

“பிள்ளையின்ர விளக்கு நூந்து போச்சு,” என்றார் அம்மா. கூப்பிய கை அப்படியே இருந்தது.

அக்கா கையிலிருந்த பல்பைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு அதைத் திரும்பவும் திருகி மாட்டினார். எல்லாம் எரிந்தன. தன் புருஷன் படத்தடியிலும் எரிய, அதைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அம்மா கும்பிடட்டும். நீங்கள் கெதியா ஒரு வழி பாருங்கோ,” என்றார் என்னிடம்.

வெளியே காலேஜ் பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டார்கள். வாத்தியார் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

“தனித்தனியா இழுக்கணும்னா அரை நாள் ஆவும் மாமா,” என்றான் மைத்துனன்.

“அந்த ஒரு பல்பை எடுத்துட்டு ரெண்டு வயரையும் முறுக்கி விட்டா?”

“மத்ததுல கரண்டு கொஞ்சம் கூட ஏறும்.”

“தாங்குமா?”

“தாங்கும்னுதான் நெனைக்கிறேன். போச்சுன்னா என்னையக் கேக்காதீங்க.”

“ஒன்னத்தான் கேப்பேன்.”

அம்மாவிடம் போனேன். “ஒரு நிமிஷம் அணைக்கணும்மா,” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

“நூக்கட்டும் தங்கச்சி. உன்ர மனுசன் திரும்பி வந்தா, என்ர பிள்ளைக்காகத் தனக்கும் விளக்கை எரிய விட்டதுக்கு முதல்ல என்னையெல்லே ஏசுவார்.”

“உங்களை ஏசமாட்டார். என்னைத்தான்,” என்றார் அக்கா.

ஸ்விட்சை அணைத்தோம். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினான் மைத்துனன். நான் ஹோல்டரை மட்டும் கழற்றினேன். சட்டத்தில் இரண்டு ஆணித் துளை தெரிந்தது. மெழுகு வைத்து அடைத்தேன். ஸ்விட்சைப் போட்டான். எரிந்தன. அம்மா மறுபடி கைகூப்பினார். அக்கா முந்தானையால் தன் புருஷன் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். கடையைத் திறக்க நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. வாசலுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தேன். கழற்றிய பல்பு சட்டைப் பையில் கிடந்தது. எது ஃப்யூஸ் போகுமோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஒரு பெண் பிள்ளை சைக்கிள்காரர் படத்தைக் காட்டி, “அண்ணே, இதுல லைட்டு போடாம வுட்டுட்டீங்க,” என்றாள்.

“வுடலம்மா. அவரு இன்னும் வரல,” என்றேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அக்காவின் பொட்டைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகும் நிலைகொள்ளவில்லை. கதவோரத்திலிருந்து ஆரம்பித்துக் கடைசிப் படம் வரை எரிகிறதை எண்ணிக்கொண்டு போனேன். அங்கிருந்து திரும்பவும் எண்ணிக்கொண்டு வந்தேன்.

முப்பத்தொன்பது.