காயாத சிவப்பு

எண்பதுகளில் கியர் தானாக மாறும் பழைய ஆட்டோ கார் ஒன்றை வாங்கி, மலேசியாவின் ஈப்போ கோயிலில் பூசை போட்டோம். அன்னதானம் சாப்பிட்டுவிட்டு, எண்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த லூமுட்டுக்குக் கிளம்ப மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்தபோது காருக்கடியில் சிவப்பாக ஈரம். ஆரத்தித் தண்ணீர் என்றாள் மனைவி.

வாசலில் காவலிருந்த ஜாகா வந்து குனிந்தார். ஒட்டிய கன்னம், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. வெற்றிலையைக்கூட முகர்ந்துவிட்டே வாயில் போடுபவர், அந்த ஈரத்தையும் விரலால் தொட்டு முகர்ந்தார்.

“ஆரத்தி டயருக்கு முன்னாலதானே ஊத்துனாங்க அண்ணே? இது நடுவுல சொட்டுது லா. ஆட்டோ கியர் எண்ணெய், அதுவும் சிவப்புதான். கருகிப்போச்சு.”

“லூமுட் வரைக்கும் தாங்குமா?”

அவர் பின்கதவைத் திறந்து என் மகளை இறக்கிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் விரலை என் மூக்கருகே நீட்டினார்.

பஸ்ஸில்தான் போனோம். இன்றும் ஆரத்தித் தட்டு அருகில் வந்தால், எனக்கு முதலில் அடிப்பது அந்தக் கருகல் வாடைதான்.