அத்தான் தீர்த்துவைத்த வழக்கு

நானும் தம்பியும் சேர்ந்து இந்தப் பனிநாட்டில், சென்ட் லோரன்ட் பகுதியில், ஒரு மாடிவீடு வாங்கினோம். நான் மேலே, அவன் கீழே. கார் நிறுத்த ஒரே ஓர் இடம். அங்கே பனியை யார் அள்ளுவது, யார் நிறுத்துவது என்று தொடங்கிய வாக்குவாதம், முகம் பார்த்துப் பேசாத அளவுக்குப் போய்விட்டது. ஒரே வாசலால் போய்வந்துகொண்டு தம்பியோடு பேசாமலிருப்பது வேலையைவிடக் களைப்பு.

கடைசியில் பக்கத்து நகரான லவாலில் இருக்கும் அத்தானைக் கூப்பிட்டோம். அக்காவின் கணவர், ஊரிலேயே நாலு பேருக்கு நியாயம் சொன்னவர். சப்பாத்தைக் கழற்றுமுன்பே, "முதல்ல நான் சொல்லுறதுதான் முடிவெண்டு ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ளுங்கோ" என்றார். விட்டால் போதுமென்று தலையாட்டினோம். கிழமைக்குக் கிழமை மாறி மாறி நிறுத்தச் சொன்னார். குறை சொல்ல முடியாத தீர்ப்பு.

அதன்பின் ஞாயிறு தவறாமல் வந்தார். வேலிக்கு என்ன நிறம், தம்பியின் பிள்ளையை எந்தக் கார்டெரியில், அதாவது பகல்நேரக் காப்பகத்தில், விடுவது, என் மகள் என்ன படிப்பது, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். கார் நிறுத்தும் அந்த ஒரே இடத்தில் அவருடைய கார் நின்றது. நாங்கள் இருவரும் தெருத்தெருவாக இடம் தேடினோம். எங்களுக்குள் பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

போன ஞாயிறு அவர் போனபின், மகள் வரலாற்றுப் பரீட்சைக்குப் படித்ததை எனக்குச் சொல்லிக்காட்டினாள். பழைய ஆங்கில அரசன் ஒருவன், வேல்ஸை ஏற்கெனவே விழுங்கியவன். ஸ்கொட்லாந்தில் அரசகட்டிலுக்குப் பலர் அடிபட்டபோது, நடுவராக வரச்சொல்லி அவனையே கேட்டார்களாம். எல்லைக்கு வந்தவன், "முதலில் என்னை உங்கள் மேலரசனாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றானாம். ஏற்றார்களாம். ஒருவனை அரசனாக்கிவிட்டு, தொட்டதற்கெல்லாம் அவனைத் தன் சபைக்கு இழுத்தானாம். கடைசியில் படையோடு வந்து, அவர்களின் அரசர்கள் அமர்ந்து முடிசூடும் கல்லையும் தூக்கிப்போனானாம்.

"அவங்கள் ஏன் அப்பா ஓமெண்டவங்கள்?"

"களைச்சுப் போயிருப்பினம், பிள்ளை."

அத்தானில் கோபமில்லை. கூப்பிட்டது நாங்கள்தானே.

இறங்கிப்போய்த் தம்பியின் கதவைத் தட்டினேன். "இடத்தை நீயே வைச்சிரு. இனி எங்கட விசயத்தை நாங்களே கதைச்சு முடிப்பம்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! ஆனால் உடனே, ஞாயிறுகளில் அத்தானின் கார் நிற்கும் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அத்தானிட்டைக் கேட்டனீங்களோ, அண்ணை?"